பாத்துட்டுச் சொன்ன பிள்ளை

பிள்ளைகளே, நம்ம வீட்டு முன்னறையில் இப்போது அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறோமே, அந்த அறையில் ஒரு வருசத்துக்கும் கொஞ்சம் கூடவே ஒரு அக்கா இருந்து வேலை செய்தாள். சின்னவனுக்கு ஞாபகம் இருக்காது. மூத்தவளுக்குக் கொஞ்சம் இருக்கும். போன மாதம் மூத்தவள் என்னிடம், "அந்த அக்கா ஏன்ப்பா போனாங்க?" என்று கேட்டாள். கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லிவிட்டு நான் எழும்பிப் போனேன். கடையில் ஒருத்தரும் நிற்கவில்லை.

அவள் பெயரை இதில் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை நான் ஒரு தடவை கெடுத்தது போதும்.

சந்தியில் எல்லாரும் அவளைக் "கம்ப்யூட்டர் புள்ள" என்பார்கள். சிங்கள ஆட்கள் தங்கச்சி என்கிற அர்த்தத்தில் "கம்ப்யூட்டர் நங்கி" என்று கூப்பிடுவார்கள். மேல் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறவர், அப்பா இல்லை. கொழும்பில் படித்து, அங்கேயே ஒரு கம்பனியில் சேர்வர் பார்க்கிற வேலை. சேர்வர் என்றால் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கிற கம்ப்யூட்டர். அதற்குக் காய்ச்சல் வந்தால் தூரத்தில் இருந்தே பார்த்துச் சரிசெய்வது இவள் தொழில். நோய்க்காலத்தில் எல்லாரையும் வீட்டில் இருந்தே வேலை செய்யச் சொன்னபோது ஊருக்கு வந்தாள். லயத்தில் சிக்னல் இல்லை. புளத்கொகுபிட்டிய ரோட்டில் நம்ம சந்தி வரைக்கும்தான் இன்டர்நெட் லைன் வந்திருந்தது. அதனால் காலையில் இறங்கி வந்து நம்ம முன்னறையில் உட்காருவாள். பொழுது சாய்வதற்கு முந்தி மேலே ஏறிப் போய்விடுவாள்.

அவள் வாயில் எப்போதும் ஒரு வார்த்தை இருக்கும். "பாத்துட்டுச் சொல்றேன்."

உங்க அம்மா துணி காயப்போட்டுவிட்டு, மழை வருமா புள்ள என்று சும்மா கேட்பார். வேறு யாராக இருந்தாலும் இருந்த இடத்தில் இருந்தே வரும், வராது என்று ஏதாவது சொல்வோம். அவள் எழுந்து வாசலுக்கு வந்து, மலைப் பக்கம் பார்த்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, பிறகுதான் சொல்வாள். சில நாள் அதற்குள் மழையே வந்துவிடும். "இந்தப் புள்ளகிட்ட பேரைக் கேட்டாலும் அடையாள அட்டையை எடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்லும்" என்று உங்க அம்மா சொல்லிச் சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கேஸ் சிலிண்டர் வெடிக்கிறது என்று நாடெல்லாம் பயந்திருந்த நேரம். நம்ம வீட்டில் புதுசாகக் கேஸ் மாட்டினால் அவள் சவர்க்கார நுரையைக் கையில் எடுத்துக்கொண்டு குசினிக்கு வருவாள். மாட்டிக் கொடுத்த பையன் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பான். அவள் அதைக் காதில் வாங்கமாட்டாள். குழாய் மாட்டின இடத்தைச் சுற்றி நுரையைத் தடவிக் குனிந்து பார்ப்பாள். ஒரு நாள் அதில் குமிழ் குமிழாகக் கிளம்பியது. அவள் பெருமையாக ஒன்றும் சொல்லவில்லை. "வொஷரை மாத்தச் சொல்லுங்க அண்ணி" என்று கையைக் கழுவிக்கொண்டு போனாள். அன்றைக்கு நீங்கள் ரெண்டு பேரும் அந்தக் குசினியில்தான் சாப்பிட்டுக்கொண்டு இருந்தீர்கள்.

நம்ம கடையில் பிஸ்கட் எடுத்தாலும் பின்பக்கத்துத் தேதியைப் பார்ப்பாள். நாள் கடந்த பக்கெட்டுகளை நான் முன்வரிசையில்தான் வைத்திருந்தேன், சீக்கிரம் போகட்டும் என்று. அவள் அதையெல்லாம் எடுத்து மேசையில் ஒரு ஓரமாக வைத்தாள். நான் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் பார்த்தாள் என்று எனக்கும் தெரியும்.

அவளுடைய கம்பனி வேலை சின்னக் கம்ப்யூட்டரில். அது போக, மேசைக்குக் கீழே பழைய கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருந்தாள். விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்று வேறு ஒன்று போட்டது. படம் கிடம் ஒன்றும் வராது. கறுப்புத் திரை, அதில் எழுத்து மட்டும். இது என்னத்துக்கு என்று கேட்டேன்.

இன்டர்நெட்டில் ஓடுகிற காசு ஒன்று இருக்கிறதாம். அதற்கு பேங்க் இல்லை. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்கிற புத்தகம் உலகத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டரில் ஒரே மாதிரி இருக்குமாம். யாராவது அதில் பொய்யாக ஒரு வரி சேர்த்தால் மற்றக் கம்ப்யூட்டர் எல்லாம் அதைப் பார்த்துத் தள்ளிவிடுமாம். அந்த மாதிரிப் புத்தகம் வைத்துப் பார்க்கிற கம்ப்யூட்டருக்கு நோட் என்று பெயர். அப்படி ஒன்றைத்தான் அவள் நம்ம வீட்டில் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"அதுல ஒனக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன்.

"ஒன்னும் வராதுண்ணே. இது காசு செய்யாது. பார்க்கும், அவ்வளவுதான்."

அவளுடைய அம்மா கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு காட்டுகிற கிலோவைத் தன் உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு வருவாராம். கணக்கப்பிள்ளை எழுதுவது ஒரு பக்கம், இவர் எழுதுவது ஒரு பக்கம். "எங்கம்மா கை மாதிரிதான் இதுவும்" என்றாள். எனக்கு அது நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்று பிறகு நான் சொன்னது பொய். அதற்காகத்தான் இதை இவ்வளவு விபரமாக எழுதுகிறேன்.

அந்த நோட் ஓடுவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அது ஆயத்தமாகவே கிடைக்கும், இறக்கி ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. அவள் அப்படிச் செய்யமாட்டாள். அதை எழுதினவர்கள் எழுதினபடியே மூலத்தை எடுத்து, இங்கேயே மெஷினுக்கு விளங்குகிற மாதிரி மாற்றிக் கட்டுவாள். கொம்பைல் பண்ணுவது என்று சொல்வாள். ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். "மிளகாய்த்தூள் கடைல வாங்கலாம். என்ன கலந்திருக்குன்னு தெரியாது. மிளகாயை வாங்கி நாமளே இடிச்சாத் தெரியும்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஒங்க கடைத் தூளைச் சொல்லலண்ணே" என்றாள்.

இறக்கின மூலம் வழியில் கெட்டுப்போகாமல் வந்ததா என்று பார்க்க நீளமாக ஒரு எழுத்து வரிசை உண்டு. இங்கே கணக்குப் போட்டு வருகிற வரிசையும், எழுதினவர்கள் வெளியிட்ட வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டும். மூத்தவளே, அதை உன்னைத்தான் வாசிக்கச் சொல்வாள். நீ ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பாய், அவள் திரையில் விரல் வைத்துக்கொண்டு போவாள். ஒரு தடவை தொடக்கத்திலேயே ஒத்துவரவில்லை. லைன் அறுந்து அறுந்து வந்ததில் ஏதோ கெட்டுவிட்டதாம். அத்தனையையும் அழித்துவிட்டுத் திரும்ப இறக்கினாள்.

கட்டத் தொடங்கினால் அந்தப் பழைய மெஷினுக்கு ஒரு முழுப்பகல் வேண்டும். திரையில் பச்சையும் வெள்ளையுமாக வரி வரியாக ஓடும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நூற்றுக்கு எத்தனை வீதம் முடிந்தது என்று இலக்கம் வரும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அது கரண்ட் வெட்டு இருந்த வருசம். இருபது முப்பது வரும்போது கரண்ட் போய்விடும். அவளிடம் இருந்த பெட்டரி பத்து நிமிசம் கூடத் தாங்காது. கரண்ட் வந்த பிறகு விட்ட இடத்தில் இருந்து தொடங்கலாமே என்று கேட்டேன். தொடங்கலாமாம். ஆனால் கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த துண்டு பாதியில் நின்றிருக்குமாம். "எது பாதின்னு எனக்குத் தெரியாதுல்ல" என்று சொல்லி, கட்டின எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினாள். இப்படி எத்தனையோ தடவை.

அந்த நேரத்தில்தான் டை கட்டின ஒருவர் சந்திக்கு வந்தார். பாதி சிங்களம் பாதி தமிழில் பேசுவார். கொயின் என்று ஒன்றில் பணம் கட்டிச் சேரச் சொன்னார். சேர்ந்தால் நம்ம கொயின் தானாக வளருமாம், ஆட்களைச் சேர்த்துவிட்டால் இன்னும் வளருமாம். என்னை லீடர் என்று கூப்பிட்டார். கடைக்கு வந்து "லீடர், டீ இருக்கா?" என்று கேட்பார். எனக்கு அதுவரைக்கும் யாரும் அப்படி ஒரு பெயர் வைத்ததில்லை.

நான் அவளிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் பிறகு தெரியாது என்று சொல்ல எனக்கு உரிமை இருந்திருக்கும். அவள் வழக்கம்போல பாத்துட்டுச் சொல்றேன் என்றாள். மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கடைப்பக்கம் வந்தாள். "அண்ணே, அவங்க போட்டிருக்கிற எல்லாத்தையும் நேத்தே இறக்கி எடுத்துட்டுப் போய் ராவுல வாசிச்சேன். அதுல பாக்கிறதுக்கே ஒன்னும் இல்ல. கொயினே இல்லண்ணே அது. நீங்களும் சேராதீங்க, யாரையும் சேர்க்காதீங்க."

உங்க அம்மா குசினியில் நின்று அதைக் கேட்டார். நான் சரி என்று தலையாட்டினேன். ஆனால் அதற்கு முந்தைய நாளே நான் நாலைந்து பேரைச் சேர்த்திருந்தேன். சொன்னதைத் திருப்பி எடுத்தால் லயத்தில் என்ன நினைப்பார்கள் என்று பயம். லீடர் என்கிற பெயரும் போய்விடும்.

பிறகு லயத்து ஆட்கள் கடைக்கு வந்து, கொயின் கொயின் என்கிறீர்களே, அது எங்கேதான் இருக்கிறது, கண்ணால் பார்க்க முடியாதா என்று கேட்கத் தொடங்கினார்கள். நம்ம ஆட்கள் தேயிலை ஸ்டோரைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு பக்கம் கொழுந்து போகும், மெஷின் ஓடும், மறுபக்கம் தேயிலைத் தூள் விழும். ஓடுகிற மெஷினைப் பார்த்தால் மறுபக்கம் ஏதோ விழும் என்று எங்களுக்கு நம்பிக்கை. அவள் மதியம் சாப்பிட எழுந்து போன ஒரு நேரத்தில் நான் முன்னறை ஜன்னல் திரையை விலக்கினேன். கம்ப்யூட்டரில் வரிகள் ஓடிக்கொண்டு இருந்தன. "அங்க பாருங்க. உள்ள வேலை நடக்குது. முன்னால வர்ற இலக்கம் தெரியுதா? அதுதான் வளர்ச்சி. நூறு வந்தாப் பணம்" என்றேன்.

அந்த வசனத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. டை கட்டினவர்கூடச் சொல்லவில்லை. நானே உண்டாக்கினது.

அதன்பிறகு ரப்பர் பால் வெட்டிவிட்டுப் போகிறவர்களும் கொழுந்து முடித்து வருகிறவர்களும் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். "எத்தனை வீதம் புள்ள?" என்று கேட்பார்கள். சந்தி ஆட்கள் பகிடி பண்ணுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். சிரித்துக்கொண்டே, திரையைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்வாள். "நாப்பத்தி மூணு மாமா." அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். கரண்ட் போனால் அவளைவிட அவர்கள்தான் கவலைப்பட்டார்கள். நாற்பத்து மூன்று மறுநாள் மூன்றாக இருந்தால் மின்சார சபையைத் திட்டினார்கள். அவளுடைய நேர்மையை வைத்து நான் யாவாரம் செய்தேன். சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதக் கை வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வெட்டு இல்லை என்று அறிவித்தார்கள். அவள் விடியவே இறங்கி வந்து தொடங்கிவிட்டாள். செய்தி லயத்துக்கு எப்படிப் போனது என்று தெரியாது. மத்தியானத்துக்கு மேல் ஆட்கள் குளித்து, திருநீறு பூசி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள். ஸ்டோரில் வருசத்துக்கு ஒரு தரம் மெஷினுக்குப் பூசை வைப்போமே, அந்த மாதிரி வாழைப்பழம், தேசிக்காய், ஒரு சரம் பூ எல்லாம் கொண்டு வந்திருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் சந்தனப் பொட்டு வைத்தார்கள். நான் கடைக்குள் நின்று சீனி நிறுத்துக்கொண்டு இருந்தேன். யாருக்கு நிறுத்தேன் என்று ஞாபகம் இல்லை.

நாலு மணி போல நூறு வந்தது. ஜன்னல்கட்டில் சூடம் கொளுத்தினார்கள்.

புகை மணத்துக்கு அவள் எழுந்து வெளியே வந்தாள். முகத்தில் சந்தோசம் இருந்தது. எத்தனையோ நாள் பாடு முடிந்த சந்தோசம். பால் வெட்டுகிற பெரியவர் ஒருவர் கையைக் கும்பிட்ட மாதிரி வைத்துக்கொண்டு, "நூறு வந்திருச்சு புள்ள. எங்க பணம் எப்பக் கைக்கு வரும்?" என்று கேட்டார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. என்ன பணம் என்று கேட்டாள். அவர்கள் சொன்னார்கள். ஒவ்வொருவராகச் சொல்ல, அவள் முகத்தில் இருந்த சந்தோசம் இறங்கிப் போனது. இது பணம் செய்கிற மெஷின் இல்லை, உங்கள் பணம் எதுவும் இதற்குள் வரவில்லை, நூறு என்றால் கட்டி முடிந்தது என்று மட்டும்தான் அர்த்தம் என்று பொறுமையாகச் சொன்னாள். சிங்களத்திலும் ஒரு தடவை சொன்னாள். அண்ணன்தானே காட்டினார் என்றார்கள். எல்லாரும் கடைப்பக்கம் திரும்பினார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நான் எப்படியும் சொல்லிவிடுவேன் என்று நம்பின பார்வை.

"அண்ணே, நான் ஒங்ககிட்ட என்ன சொன்னேன்னு இவங்ககிட்ட சொல்லுங்க."

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் ரெண்டு வசனம் சொல்லியிருந்தால் போதும். என்னை அடித்திருப்பார்கள். கடையை உடைத்திருப்பார்கள். அதோடு முடிந்திருக்கும்.

"நீ என்னா சொன்ன? எனக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்னா புள்ள தெரியும்? மெஷின் ஒன்னோடது, நீதானே நாப்பது அம்பதுன்னு எல்லாருக்கும் சொன்ன" என்றேன்.

அவள் உள்ளே போய்த் தன் சின்னக் கம்ப்யூட்டரைப் பையில் போட்டாள். மேசைக்குக் கீழே இருந்ததை எடுக்கப் போனபோது ரெண்டு பேர் வாசலை மறித்தார்கள், எங்கள் பணம் அதற்குள் இருக்கிறது என்று. "இருக்கட்டும். வேற யாரையாவது கூட்டிட்டு வந்து தொறந்து பாருங்க" என்று சொல்லி அதை விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள். பூச்சரம் ஜன்னலிலேயே கிடந்தது.

டவுனில் இருந்து ஒரு கம்ப்யூட்டர் திருத்துகிறவரைக் கூட்டி வந்து காட்டினார்கள். இதற்குள் ஒன்றும் இல்லை, பழைய மெஷின் என்றார் அவர். அப்படியென்றால் அவள் முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று முடிவு செய்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் பேசவில்லை. டை கட்டினவர் அதற்குப் பிறகு சந்திக்கு வரவே இல்லை. அவர் ஓடினதைக்கூட அவளோடு சேர்த்துத்தான் பேசினார்கள்.

அவள் கொழும்புக்குப் போய்விட்டாள். அவளுடைய அம்மா மட்டும் தனியாகக் கொஞ்ச நாள் வேலைக்குப் போனார். மடுவத்தில் யாரும் அவர் பக்கத்தில் கூடையை வைக்கவில்லையாம். அவரும் ஒரு நாள் சாமானைக் கட்டிக்கொண்டு மகளிடம் போனார். உங்க அம்மா என்னிடம் ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு, "எனக்கும்தான் காது கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னார். எனக்காகவும் உங்களுக்காகவும் அவரும் வாயை மூடிக்கொண்டார். அந்தப் பாவமும் என்னுடையது.

அந்த அக்கா ஏன் போனாள் என்று மூத்தவள் கேட்டதற்கு அடுத்த கிழமை, பிரஷர் கிளினிக்குக்காகக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து வாங்குகிற வரிசையில் அந்த அக்கா தன் அம்மாவோடு நின்றாள். அம்மாவின் கிளினிக் புத்தகம் இன்னும் இந்த ஆஸ்பத்திரியில்தானாம், அதற்காக வந்திருந்தார்கள். அம்மா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பக்கத்தில் போய், என்னை மன்னிச்சிரு புள்ள, நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு என்று சொல்லத் தொடங்கினேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

அதற்குள் இலக்கம் கூப்பிட்டார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இதை எழுதி முடித்துவிட்டு லயத்துக்குப் போகலாம் என்றுதான் இருந்தேன். எழுதிக்கொண்டே இருந்தால் போகாமலே இருந்துவிடுவேன் என்று தெரிந்தது. அதனால் நேற்றுக் கடையைப் பூட்டிவிட்டு மேலே ஏறினேன். முதல் காம்பரா வீட்டில் ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து அரிசி பார்த்துக்கொண்டு இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் புள்ள எச்சரித்ததை, நான் ஜன்னல் திரையை விலக்கிக் காட்டினதை, எல்லாருக்கும் முன்னால் மறுத்ததை.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"மடுவத்துல அத்தனை பேருக்கு முன்னால அந்தப் புள்ளயோட அம்மாவப் பாத்து, இந்தச் சேலை எங்க பணத்துல எடுத்ததான்னு கேட்டேன்ணே. அந்தம்மா கூடையை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. நான் இப்ப அதை எங்க போய்ச் சொல்றது?"

நான் அடுத்த காம்பராப் பக்கம் திரும்பினேன். பின்னால் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

"நில்லுங்க, நானும் வர்றேன். நீங்க மட்டும் போய்ச் சொன்னா யாரு நம்புவா?" என்றாள்.

அவள் முன்னால் போனாள். நான் பின்னால் நடந்தேன்.